உறங்கிப்போகும் சுரப்பி: ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென ஏன் நிறுத்தக் கூடாது?

மூட்டு வலிக்காகவோ ஆஸ்துமாவுக்காகவோ பல மாதங்கள் பிரெட்னிசோலோன் மாத்திரை உட்கொண்ட ஒருவர், முகம் உப்பிவிட்டது, எடை கூடிவிட்டது என்று அஞ்சி, யாரிடமும் கேளாமல் ஒரே நாளில் அதை நிறுத்திவிடுகிறார். முதல் ஓரிரு நாள்கள் ஒன்றும் தெரிவதில்லை. பிறகு சோர்வு, பசியின்மை, குமட்டல். எழுந்து நின்றால் தலைசுற்றல். பித்தம் என்று எண்ணி வீட்டார் இஞ்சிச் சாறு கொடுக்கின்றனர். இதற்கிடையே ஒரு காய்ச்சலும் சேர்ந்துகொண்டால், இரத்த அழுத்தம் வீழ்ந்து, நினைவு தடுமாறும் நிலையில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார். இப்படி வருவோரை நாங்கள் மீண்டும் மீண்டும் காண்கிறோம். அவர்களுக்கு நேர்வது என்ன என்பதை விளங்கிக்கொள்ள, நம் உடலின் சுரப்பிகள் ஒன்றையொன்று எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

உமிழ்நீர்ச் சுரப்பி தன் நீரை ஒரு நாளத்தின் வழியே வாய்க்குள் அனுப்புகிறது. நாளமில்லாச் சுரப்பிகளுக்கு அத்தகைய குழாய் இல்லை. அவை தம் சுரப்பை நேராக இரத்தத்தில் கலக்கின்றன. இச்சுரப்புகளுக்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்து உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் வழங்கினார். தூண்டுதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்ததுபோல் அமைந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிராம் எடைதான். இவற்றின் புறணிப் பகுதியில் சுரக்கும் கார்டிசால் என்னும் ஹார்மோன் இல்லாமல் நாம் உயிர்வாழ இயலாது. இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்துவிடாமல் காப்பதும், இரத்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பதும், அழற்சி எல்லை மீறாமல் அடக்குவதும் அதன் பணிகள். விடியற்காலையில் அது மிகுதியாகச் சுரக்கும். நள்ளிரவில் மிகக் குறைந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரையைப் பெரும்பாலும் காலை உணவுக்குப்பின் உட்கொள்ளச் சொல்வது இந்த இயல்பான ஓட்டத்தை ஒட்டியே. காய்ச்சல், விபத்து, அறுவைச் சிகிச்சை போன்ற நெருக்கடிகளில் உடல் இதைப் பன்மடங்கு சுரந்துகொள்ளும்.

எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை அட்ரினல் தானாக முடிவு செய்வதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, ஏசிடிஎச் என்னும் ஹார்மோனை அனுப்பி அதற்கு ஆணையிடுகிறது. பிட்யூட்டரிக்கு மேலிருந்து ஆணையிடுவது ஹைப்போதலாமஸ். இரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவுக்கு வந்ததும் இவ்விரண்டும் தம் ஆணையை நிறுத்திக்கொள்கின்றன. ஏரி மடையைக் காக்கும் நீர்க்கட்டி, வயல் காய்ந்தால் மடையைத் திறந்து, நிறைந்தால் அடைப்பதைப் போன்றது இது. தைராய்டும் இதே முறையில்தான் இயங்குகிறது; தைராய்டு குறைந்தவர்களுக்கு இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் கூடியிருப்பது, பிட்யூட்டரி மேலும் மேலும் ஆணையிடுவதால்தான்.

பிரெட்னிசோலோன் கார்டிசாலைப் போன்றே செயல்படும் மருந்து. நலமான ஒருவரின் உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்டிசால், ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு ஈடானது. நோய்க்காக நாங்கள் தருவதோ பல வேளைகளில் 20, 40 மில்லிகிராம். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக் கொட்டினால் நீர்க்கட்டிக்கு வேலை ஏது? மடை அடைத்தே கிடக்கும். வாரங்கள் செல்லச் செல்ல, ஆணை பெறாத அட்ரினல் புறணி சுருங்கிவிடுகிறது. அந்நிலையில் மோட்டாரை ஒரே நாளில் நிறுத்தினால், மடை உடனே திறக்காது, வயல் காய்கிறது.

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டையே வெறுத்துவிட வேண்டாம். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தில், முடக்குவாதத்தால் அவதியுற்ற ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்டிசோன் செலுத்தப்பட்டபோது சில நாள்களிலேயே வலி தணிந்து அவர் நன்கு நடக்கலானார். அதன் பின்னணியில் இருந்த ஆய்வுகளுக்காகக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் ஆகிய மூவரும் 1950இல் நோபல் பரிசு பெற்றனர். எலும்பு மெலிதல், சர்க்கரை கூடுதல் போன்ற தீமைகள் இம்மருந்துக்கு உண்டு என்பது மெய். ஆயினும் சிறுநீரக நோயிலும் லூபஸ் நோயிலும் அது காப்பாற்றிய உயிர்கள் பல. எங்களுக்கு வருத்தம் தருவது வேறொன்று: பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி உண்பதும், உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதப்படாத வலிப் பொடிகளை நம்புவதும்தான். தாம் ஸ்டீராய்டு உண்பதே அறியாதவர், அதை நிறுத்தும்போது வரும் ஆபத்தை எப்படி அறிவார்?

ஐந்து நாள், ஒரு வாரம் என்று குறுகிய காலம் மட்டும் உட்கொண்டவர்கள் பொதுவாக மருத்துவர் சொன்ன நாளில் நிறுத்திவிடலாம். மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் உட்கொண்டவர்களுக்கு அளவைப் படிப்படியாகக் குறைக்கிறோம். 5 மில்லிகிராமை நெருங்கும்போது இன்னும் மெதுவாக இறங்குகிறோம். உறங்கும் சுரப்பி விழித்தெழ வேண்டிய கட்டம் அதுவே. இக்காலத்தில் காய்ச்சல் வந்தால் அளவைக் குறைப்பதற்கு மாறாகச் சில நாள்களுக்குக் கூட்ட வேண்டியிருக்கும். பலருக்கு இருமடங்காக்கச் சொல்கிறோம். உங்களுக்கு எவ்வளவு என்பதைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே எங்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லையென்றால் வீட்டில் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். ஹைட்ரோகார்டிசோன் ஊசி உடனே தேவைப்படலாம். வந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, “இவர் ஸ்டீராய்டு உண்டு வந்தவர்” என்பதை. நோயாளியால் பேச முடியாத வேளையில் உடன் வருபவர் சொல்ல வேண்டும். ஆகவே வீட்டில் இன்னொருவருக்கும் இது தெரிந்திருக்கட்டும். அறுவைச் சிகிச்சைக்கும் பல் பிடுங்குவதற்கும் முன்பும் இதையே தெரிவியுங்கள்.

சுரப்பி விழித்துவிட்டதா என்பதை அறியக் காலை 8 மணியளவில் இரத்தம் எடுத்துக் கார்டிசால் அளவைப் பார்ப்போம். சிலருக்குச் சில வாரங்களில் அது மீள்கிறது. சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகிறது. அதுவரை மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்து அடுத்த மாதத்துக்கானதைப் பெற்றுக்கொள்ளுங்கள். வெளியூர் செல்லும்போது பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.