பூகம்பமும் பள்ளிச் சுவரும்

ஒரு மாவட்டத்தில் நில அதிர்ச்சி உணரப்பட்ட மறுநாள் அங்குச் செல்லும் ஊழியரிடத்தும் பள்ளி ஆசிரியரிடத்தும் மக்கள் கேட்கும் முதற் கேள்வி, "பெரியது எப்போது வரும்?" என்பதே. இதற்கு நேர்மையான விடை ஒன்றுதான் உண்டு. நாளும் நாழிகையும் முன்னறிந்து கூறும் முறை எந்நாட்டு விஞ்ஞானியிடத்தும் இல்லை. கிரகச் சேர்க்கையையோ விலங்குகளின் நடத்தையையோ காட்டித் தேதி குறிப்போர் சொல்லைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஆயினும், எங்கே வரும், ஏன் வரும், வந்தால் எது விழும் என்னும் மூன்றையும் நாம் பெரும்பாலும் அறிவோம். இம்மூன்றனுள் கடைசியே ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் மிகவும் பயன்படுவதாகையால், அதனையே இங்கு விரித்துக் கூறுவோம்.

முதலில் இடமும் காரணமும். இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நகர்ந்து ஆசியப் பெருநிலத்தின் அடியில் நுழைகின்றது. இந்நகர்ச்சியில் சுமார் 2 சென்டிமீட்டர் இமயமலைத் தொடரின் அடியிலேயே அடங்கிவிட வேண்டும். ஆனால் அங்குள்ள பாறைகள் வழுக்கிச் செல்வதில்லை. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, வளைத்த வில்லைப் போல் இறுகி நிற்கின்றன. தாங்கும் எல்லை கடந்ததும் சில நிமிடங்களுக்குள் பல மீட்டர் தூரம் நழுவிவிடுகின்றன. அதுவே பெரும் பூகம்பம்.

1905ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் காங்க்ராவிலும், 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நேபாளத்திலும் பீகாரிலும், 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இரவு அஸ்ஸாமின் வடகிழக்கு எல்லையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. முதலிரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி, அதாவது உத்தரகண்டமும் மேற்கு நேபாளமும், அத்தகைய பெரு நழுவலை நெடுங்காலமாகக் காணவில்லை. மேற்கு நேபாளத்தில் 1505இல் ஒரு பேரதிர்ச்சி நிகழ்ந்தது. 1803இல் கடுவாலில் நேர்ந்ததும் பெரியதே. ஆனால் அது இறுக்கத்தை எவ்வளவு தணித்தது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் வீதம் 500 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 10 மீட்டர் ஆகும். இக்கணக்கை மாணவர்களே கரும்பலகையில் போட்டுப் பார்க்கட்டும்.

சிறு அதிர்ச்சிகள் அடிக்கடி வந்தால் பெரியது வாராது என்னும் எண்ணம் பலரிடத்தும் உண்டு. அளவு ஒரு படி உயர்ந்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு உயரும். ஆகவே 8 அளவுள்ள ஒரு பூகம்பத்தின் ஆற்றல் தீர்வதற்கு 6 அளவுள்ள அதிர்ச்சிகள் ஓராயிரம் வேண்டும். அத்தனை அதிர்ச்சிகள் இமயமலையில் நிகழ்வதில்லை.

இனி உயிர்ச்சேதத்தைக் கவனிப்போம். 1950இல் நிகழ்ந்தது 8.6 அளவுள்ளது, நிலப்பகுதியில் கருவிகளாற் பதிவு செய்யப்பட்டவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. அதில் இந்தியப் பகுதியில் இறந்தோர் சுமார் 1,500 பேர். 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மகாராஷ்டிரத்தில் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரிக்கு அருகில் நிகழ்ந்தது 6.2 அளவுள்ளது, ஆற்றலில் முன்னதன் நாலாயிரத்தில் ஒரு பங்கு எனலாம். அதில் இறந்தோரோ 8,000 முதல் 10,000 வரை. அஸ்ஸாம் எல்லை மக்கள் நெருக்கம் குறைந்த பகுதி என்பது உண்மையே. ஆனால் அது மட்டும் காரணமன்று. நேரமும் சுவரும் மற்றக் காரணங்கள்.

லாத்தூர் அதிர்ச்சி விடியற்காலை 4 மணிக்குச் சற்று முன்னர், மக்கள் வீட்டிற்குள் உறங்கும் வேளையில் வந்தது. 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் ஷில்லாங் பீடபூமியை உலுக்கிய பேரதிர்ச்சியோ மாலை 5 மணிக்குப் பின்னர், பலர் வெளியே இருக்கையில் வந்தது. பள்ளிகளைப் பொறுத்தமட்டில் இதனினும் தெளிவான உதாரணம் உண்டு. 2005ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் காஷ்மீர்ப் பகுதியில் பூகம்பம் நிகழ்ந்தது ஒரு சனிக்கிழமை காலையில். பாகிஸ்தான் வசமிருந்த பகுதியில் அன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வகுப்பறைகளிலேயே மாண்டனர். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் நேபாளத்தில் பூகம்பம் நேர்ந்ததும் சனிக்கிழமையே, நண்பகலை ஒட்டி. நேபாளத்தில் சனிக்கிழமை வார விடுமுறை நாள். அங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிக் கட்டடங்கள் சேதமுற்றன. ஆனால் வகுப்பறைகள் வெறுமையாயிருந்தன. ஞாயிற்றுக்கிழமை வந்திருப்பின் என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நேரம் நம் வசத்தில் இல்லை. சுவர் நம் வசத்தில் உண்டு. லாத்தூர்க் கிராமங்களில் சுவர்கள் இரண்டு மூன்று அடிக் கனமுள்ளவை. கனத்தைக் கண்டு அவை உறுதியானவை என்று மக்கள் நம்பியிருந்தனர். உண்மையில் ஒவ்வொரு சுவரும் உள்வரிசை, வெளிவரிசை என இரண்டு கல் வரிசைகள்; நடுவே சிறு கற்களும் மண்ணும் நிரப்பப்பட்டிருந்தன. இரு வரிசைகளையும் இணைக்கும் நீண்ட குறுக்குக் கற்கள் இல்லை. குலுங்கியதும் நடுவிலிருந்த கல்லும் மண்ணும் கீழிறங்கி இரு வரிசைகளையும் விலக்கித் தள்ளின. வெயிலைத் தடுப்பதற்காகக் கூரைமேல் கனமாகப் பரப்பிய மண்ணும் உடன் வீழ்ந்தது.

1897இல் ஷில்லாங்கின் கற்கட்டடங்கள் ஏறத்தாழ எல்லாமே தரைமட்டமாயின. அதன் பின்னர் அங்குப் பரவிய வீட்டு முறை இன்றும் 'அஸ்ஸாம் மாதிரி வீடு' எனப்படுகின்றது. மரத்தூண்களும் மரச்சட்டங்களும் எலும்புக்கூடாக நிற்கும். இடையே 'இக்ரா' என்னும் நாணற் புல்லை வைத்து மண்சாந்து பூசுவர். மேலே தகரக் கூரை. பாரம் குறைவு, மூட்டுகள் வளைந்து கொடுக்கும், ஒரு தட்டி பெயர்ந்து விழுந்தாலும் ஆளைக் கொல்லாது. உத்தரகாசியில் 1991ஆம் ஆண்டு அக்டோபரில் அதிர்ச்சி நேர்ந்தபோது, கல்லையும் மரச்சட்டத்தையும் மாறி மாறி அடுக்கிப் பழங்காலத்தில் எழுப்பிய பல மாடி வீடுகள் நிலைத்து நின்றன. கட்ச் பகுதியின் 'பூங்கா' என்னும் வட்ட வடிவ மண்வீடுகளும் 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நன்கு தாங்கின. அதே காலையில், அதிர்ச்சியின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் புதிய கான்கிரீட் மாடிக் கட்டடங்கள் பல சரிந்தன. அவற்றுட் பல, வண்டி நிறுத்துவதற்கெனக் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் தூண்கள் மேல் விட்டவை. கான்கிரீட் என்ற பெயரே காப்பு என்று கருதுவோர் இதனை நினைவிற் கொள்க.

நம் நாட்டில் பூகம்பத்தைத் தாங்கும் கட்டட அமைப்புக்கான தர விதிகள் 1962 முதலே உள்ளன. அபாயப் பகுதிகளைக் காட்டும் வரைபடம் பலமுறை திருத்தப்பட்டுள்ளது. 1967இல் கொய்னாவில் நிகழ்ந்த அதிர்ச்சியும், பின்னர் லாத்தூர் அதிர்ச்சியும், அபாயம் மிகக் குறைவு எனக் குறிக்கப்பட்ட நிலத்தில் நேர்ந்தவை. ஆதலால் வரைபடத்தில் தம் ஊரின் நிறம் வெளிறியிருக்கிறதென்று எவரும் வாளாவிருத்தல் கூடாது.

விதிகளின் சாரம் எளியது: கட்டடம் ஒரு பெட்டிபோல் ஒன்றாக அசைய வேண்டும். கற்சுவரில் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு வரிசையாக, 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில், சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவும் குறுக்குக் கற்கள் வேண்டும். கதவு, சன்னல்களின் தலைமட்டத்தில் எல்லாச் சுவர்களையும் விடாது சுற்றிவரும் கான்கிரீட் பட்டையோ மரப்பட்டையோ வேண்டும். இப்பட்டையின் பயனை வகுப்பில் காட்டுவது எளிது. தட்டொன்றில் தீப்பெட்டிகளை நாற்புறமும் அடுக்கி ஒரு சிறு வீட்டைக் கட்டித் தட்டை ஆட்டினால், மூலைகள் விரிந்து சுவர்கள் வெளிப்புறம் சரியும். மீண்டும் கட்டி, மேல்வரிசையைச் சுற்றி ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி ஆட்டுக. வேறுபாட்டைப் பிள்ளைகள் தாமே கூறுவர். வீட்டிற்குச் சென்று தம் சுவரையும் நிமிர்ந்து பார்ப்பர்.

பள்ளியைப் பார்வையிடும் ஊழியர் முதலில் சுவர்கள் சேரும் மூலைகளில் செங்குத்தான வெடிப்பு உளதா என்று நோக்குக. சுவர் நடுவில் புடைத்திருப்பின், இரு கல் வரிசைகளும் பிரியத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். பாரமான அலமாரிகளைச் சுவரோடு பிணைப்பதற்குச் சில ஆணிகளும் பட்டைகளும் போதும். இதற்கு மேலிடத்து உத்தரவை எதிர்பார்ப்பது வீண்.

அதிர்ச்சி தொடங்கும்போது முதலில் விரைந்து வருவது சிறு உதறல். பெருங்குலுக்கல் சில விநாடிகள் பின்னரே வரும். அலைகள் இவ்வாறு வகைவகையாகப் பிரிந்து வருவதைக் கருவிப் பதிவுகளில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர், 1897 அதிர்ச்சியை ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஓல்டுஹாம். அச்சில விநாடிகளில் பிள்ளைகள் மேசையடியில் புகுந்து, தலையை மறைத்து, மேசைக் காலைப் பற்றிக்கொள்ளப் பழக வேண்டும். படிக்கட்டை நோக்கி ஓடலாகாது. மண்ணும் கல்லுமான ஓரறைப் பள்ளியில் வாயிலருகே இருப்போர் மட்டும் உடனே வெளியேறலாம். வெளி என்பது சந்து அன்று. 2001 குடியரசு நாளன்று அஞ்சாரில் ஊர்வலமாகச் சென்ற பள்ளிப் பிள்ளைகள் பலர், குறுகிய தெருவின் இருபுறத்து வீடுகளும் சரிந்ததால் உயிரிழந்தனர்.

மலைப்பள்ளத்தாக்குகளில் பணிபுரிவோர்க்கு இன்னொன்றும் கூறவேண்டும். அங்கே குலுக்கல் நின்றதும் அபாயம் நீங்கிவிடுவதில்லை. 1950இல் மலைச்சரிவுகள் ஆறுகளின் குறுக்கே விழுந்து அணைபோல் நின்றன. சுபன்சிரி ஆற்றில் அவ்வாறு தேங்கிய நீர் எட்டு நாட்களுக்குப் பின்னர் அணையை உடைத்துக்கொண்டு, சுமார் 7 மீட்டர் உயர அலையாகப் பாய்ந்தது. கீழிருந்த கிராமங்களில் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். அவர்கள் பூகம்பத்திற்குத் தப்பியவர்கள். எனவே பெரும் அதிர்ச்சிக்குப் பின் ஆற்று நீர் காரணமின்றி வற்றக் கண்டால், மீன் பிடிக்க ஆற்றுப்படுகையில் இறங்குவோரைத் தடுத்து, கரையோர மக்களை அன்றே மேட்டு நிலத்திற்கு அனுப்பி, மாவட்ட அதிகாரிக்குச் செய்தி கொடுக்க வேண்டும். மேற்புறத்தில் அடைப்பு உடைக்கப்பட்டதாகவோ வடிந்ததாகவோ உறுதியான தகவல் வரும்வரை அவர்களைத் திரும்ப விடலாகாது.