ஒப்பிட்டுச் சொல்வதே நம் வேலை

அன்புள்ள கயல்விழிக்கு,

பிளஸ் டூ முடித்ததும் தடய அறிவியல் படிக்கப் போவதாக எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி.

டி.என்.ஏ. சோதனை என்றாலே குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கொலை வழக்கில் அது முதலில் காப்பாற்றியது ஒரு நிரபராதியை. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டாவது கொலையைச் செய்ததாக 17 வயது இளைஞன் ஒருவன் போலீசிடம் ஒப்புக்கொண்டான். மரபியலாளர் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ.வைச் சோதித்துப் பார்த்தார். இரண்டு கொலைகளிலும் கிடைத்த தடயங்கள் ஒரே ஆளுடையவை. அந்த இளைஞனுடையவை அல்ல. அவன் விடுதலையானான். உண்மைக் குற்றவாளிக்கு 1988-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஆய்வகத்தில் என்ன செய்கிறோம் என்று கேட்டிருந்தாய். இரத்தக்கறை படிந்த துணி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள். அதை உலர்த்திக் காகித உறையில்தான் அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கினால் பாக்டீரியா பெருகி டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். கறையில் சிறு துண்டை வெட்டி, செல்களை உடைத்து, புரதத்தை நீக்கி டி.என்.ஏ.வைப் பிரிப்போம். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது. நமக்கு உதவுவது வெள்ளையணுதான்.

கிடைப்பது மிகச் சொற்பம். அதனால் தேவையான பகுதிகளை மட்டும் பி.சி.ஆர். முறையில் பெருக்குவோம். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பானால், 28 சுற்றில் ஒரு பிரதி 26 கோடியைத் தாண்டும். அந்தப் பகுதிகளில் டி.என்.ஏ.வின் வேதி எழுத்துகள் சில திரும்பத் திரும்ப வரும். டி.எச்.01 என்ற இடத்தில் ஏ-ஏ-டி-ஜி என்பது ஒருவருக்குத் தாய்வழியில் 6 தடவையும் தந்தைவழியில் 9 தடவையும் இருக்கலாம். துண்டுகளை மின்புலத்தில் நுண்குழாய் வழியே ஓடவிட்டால் குட்டையானவை முந்தும், நீளமானவை பிந்தும். அதை வைத்து எண்ணிக்கையைக் கண்டுபிடிப்போம். 6, 9 என்ற ஜோடி பலருக்கும் இருக்கும். ஆனால் நாங்கள் சோதிக்கும் இருபது இடங்களிலும் ஒத்துப்போவது, ஒரே கருவில் பிறந்த இரட்டையரைத் தவிர, மிக மிக அபூர்வம்.

இவ்வளவு நுட்பமான சோதனை, சிறு மாசையும் பெரிதாக்கிக் காட்டிவிடும். ஜெர்மனியின் ஹைல்பிரோனில் 2007-ல் பெண் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டி.என்.ஏ. பல ஊர்க் குற்றங்களிலும் தென்பட்டது. யாரோ ஒரு பெண் ஊர் ஊராகக் குற்றம் செய்கிறாள் என்று தேடினார்கள். அது தடயம் எடுக்கும் பஞ்சுக்குச்சித் தயாரிப்பில் வேலை பார்த்த பெண்ணுடையது என்று 2009-ல் தெரிந்தது. குச்சியில் கிருமி நீங்கியிருந்தது, டி.என்.ஏ. நீங்கவில்லை.

அதனால்தான் ஒவ்வொரு தடவையும் மாதிரி எதுவும் சேர்க்காத குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுகிறோம். அதில் டி.என்.ஏ. தெரிந்தால் முடிவுகளை நம்பி அறிக்கை எழுதக் கூடாது. காரணத்தைத் தேடி மறுபடியும் செய்ய வேண்டும்.

முறையாகச் செய்த சோதனையில் சந்தேக நபரின் டி.என்.ஏ. கறையின் டி.என்.ஏ.வோடு பொருந்தவில்லை என்றால், கறை அந்த ஆளுடையதல்ல என்று சொல்லிவிடலாம். பொருந்தினால், அந்தப் பொருத்தம் எத்தனை அபூர்வம் என்றுதான் சொல்லலாம். கறை அங்கே எப்படி வந்தது, எப்போது வந்தது என்பதை டி.என்.ஏ. சொல்லாது. அதற்கு மேல் ஒரு சொல் கூட்டி எழுதினாலும் ஒருவருடைய வாழ்க்கை பாழாகும்.

ஆகவே உயிரியலோடு நிகழ்தகவுக் கணக்கையும் இப்போதே ஊன்றிப் படி. சந்தேகம் வந்தால் தயங்காமல் எழுது.

அன்புடன்,
உன் சித்தி