வீட்டுக் கழிவுநீரும் மண்ணின் வடிகாலும்

கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் வீடு மேட்டிலும், கிணறு சரிவிலும், வயல் பள்ளத்திலும் அமைந்திருத்தல் வழக்கம். ஆதலால் வீட்டின் கழிவுநீர் மண்ணில் முறையாக வடியாவிடின், கிணற்றையும் மரக்கறிப் பாத்தியையும் வயலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடுக்கும். மலத்தொட்டி கட்டுமுன் மண்ணைச் சோதித்தல் இதனாலேயே அவசியமாகின்றது.

தொட்டியில் திண்மப் பொருள்கள் அடியில் தங்கிச் சிதைவுறும். வெளியேறும் நீர் தெளிந்ததாகத் தோன்றினும் நோய்க்கிருமிகளும் புழு முட்டைகளும் அதில் இருக்கும். அவற்றைத் தடுத்து அழிப்பது உறிஞ்சு குழியைச் சூழ்ந்த, காற்றோட்டமுள்ள மண்ணேயாகும். மண் நீரால் நிறைந்திருப்பின் அவ்வேலை நடைபெறாது.

மண்ணின் நிறம்

நெல்லுக்கு உகந்த, நீரைத் தேக்கும் மண் உறிஞ்சு குழிக்கு ஆகாது. கண்டி, பேராதனைப் பகுதி மேட்டு நிலங்களிற் காணப்படும் ஆழமான செங்கபில மண் பொதுவாக நன்கு வடியும். செங்குத்தான சரிவுகளிலுள்ள கபில மண்ணின்கீழ்ப் பாறை அண்மையில் இருத்தல் கூடும். திகனைப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் நீர் வடிகட்டப்படாமலே ஓடிவிடும்.

உறிஞ்சு குழியின் அடிமட்டத்திற்குக் கீழே மேலும் 4 அடிவரை மண்ணைத் தோண்டிப் பார்க்க. மண் சிவப்பாகவோ கபிலமாகவோ ஒரே சீராக இருப்பின் நன்று. சாம்பல் நிறமும் துருப்போன்ற புள்ளிகளும் காணப்படின், தோண்டிய நாளில் அவ்விடம் உலர்ந்திருப்பினும், ஆண்டின் ஒரு பகுதியில் அங்கு நீர் நிற்கின்றது என்றறிக. வயலடி மண்ணில் இந்நிறத்தைக் கமக்காரர் நன்கறிவர்.

நீர் இறங்குஞ் சோதனை

கண்டியில் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுதி. அக்காலத்திலோ அதனையடுத்தோ சோதித்தல் சிறந்தது. மாசி மாதச் சோதனை ஏமாற்றக்கூடும்.

1. உறிஞ்சு குழியின் அடி அமையும் ஆழத்தில், 1 அடி அகலமும் 1 அடி ஆழமுமுள்ள சிறு குழி தோண்டுக. பக்கங்களைக் கீறிவிட்டு, அடியில் 2 அங்குலம் சிறுகல் இடுக.
2. குழியை நீரால் நிரப்பி, 4 மணி நேரம் குறையாது பார்த்து, இரவு முழுவதும் ஊறவிடுக.
3. மறுநாள் கல்லின்மேல் 6 அங்குலம் நீர் நிற்கச் செய்து, 30 நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது என அளக்க. இறக்கம் ஒரே அளவாகும்வரை இவ்வாறே திரும்பச் செய்க.

30 நிமிடத்தில் 2 அங்குலம் இறங்கின், ஓர் அங்குலத்திற்கு 15 நிமிடமாகும், அம்மண் ஏற்றது. அரை அங்குலமும் இறங்காவிடின் வடிகால் போதாது. 6 அங்குலமும் 6 நிமிடத்திற்குள் மறையின், நீர் வடிகட்டப்படாமற் கிணற்றை அடையக்கூடும். ஒரே இடத்தை நம்பாது, இரண்டு மூன்று இடங்களிற் சோதிக்க.

கிணறும் சரிவும்

உறிஞ்சு குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தூரத்தில், கிணற்றிலும் தாழ்ந்த பக்கத்தில் இருத்தல் வேண்டும். அயலவர் கிணற்றையும் கணக்கிற் கொள்க. வல்லாரை, பொன்னாங்காணி முதலியவற்றைப் பச்சையாக உண்கின்றோமாதலால், அப்பாத்திகள் குழிக்குக் கீழ்ப்புறத்தில் இருத்தலாகாது. கழிவுநீர் கசியும் ஈரமண்ணில் வெறுங்காலுடன் வேலை செய்வோரைக் கொளுக்கிப்புழு பற்றும்.

செங்குத்தான சரிவில் நீரை ஓரிடத்தில் இறக்குதல் மண்சரிவுக்கும் துணையாகும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் நேர்ந்த அழிவை யாவரும் அறிவர். வெட்டிய மண்மேட்டின் விளிம்பிற் குழி தோண்டற்க. கூரைநீரையும் மழைநீரையும் குழிக்குள் விடற்க.

மண் ஏற்றதல்லவெனின்

ஆழத்தைக் கூட்டுவதாற் பயனில்லை. குழி நிலத்தடி நீரையே நெருங்கும். மேல்மண் மெதுவாகவேனும் வடியுமாயின், ஆழங்குறைந்த நீண்ட உறிஞ்சு வாய்க்கால் அமைக்கலாம். அதற்கும் இயலாவிடின் கசிவற்ற தொட்டி கட்டி, உள்ளூராட்சிச் சபையின் பவுசர் மூலம் அகற்றுவிக்க. அக்கழிவை மரக்கறிப் பாத்திக்கு எருவாக இடலாகாது.

வேலை தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு இடத்தையும் சோதனை முடிவையும் காட்டி, அவர் ஆலோசனையைப் பெறுக. இரண்டு நாட் சோதனை பல்லாண்டு காலம் கிணற்று நீரைக் காக்கும்.