பத்து நிமிடத்தில் சரியாகிவிட்ட பிறகு

2014-இல் டொராண்டோவில் 49 வயதுப் பெண் ஒருவருக்குத் திடீரென உடம்பின் ஒரு பக்கம் மரத்து, பேச்சு குழறியது. மருத்துவமனைக்குப் போனார். சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. மன அழுத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளில், கார் ஓட்டும்போது மறுபடியும் வந்தது. வண்டியை ஓரங்கட்டி, கோணிக்கொண்டு போகும் தன் முகத்தைச் செல்போனில் பதிவு செய்தார். அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் வந்தது டி.ஐ.ஏ., அதாவது மினி ஸ்ட்ரோக், என்பது உறுதியானது.

இதில் மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் அடைபட்டு, அடைப்பு தானே விலகிவிடுகிறது. டாக்டர் பார்க்கும்போது கையைத் தூக்க முடிகிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது. அதனால் 108-ஐ அழைத்த கையோடு, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு ஒரு வீடியோ எடுத்து வைப்பது பெரிய உதவி.

மதுரைப் பக்கம் என் பெரியம்மாவுக்கு இது வந்தபோது வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. எடுக்கக் குனிந்தால் விரல் மடங்கவில்லை. சொல்ல வந்ததும் பாதியில் குழறியது. கொஞ்ச நேரத்தில் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார். “ஒண்ணுமில்லத்தா, பித்தம். எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடு.” மருமகள் விடவில்லை. “இல்லத்தே, இப்பவே போய்க் காட்டிட்டு வந்துருவோம்.”

அந்தப் பிடிவாதம் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குகள் சொல்கின்றன. கலிபோர்னியாவில் 2000-இல் வெளியான ஆய்வில், டி.ஐ.ஏ. வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு 90 நாளுக்குள் பக்கவாதம் வந்தது. அதில் பாதி முதல் இரண்டே நாளில். ஆக்ஸ்போர்டில் தாமதமில்லாமல் சிகிச்சை தொடங்கியபோது, 90 நாள் ஆபத்து 10.3 சதவீதத்திலிருந்து 2.1 ஆக இறங்கியது என்று 2007-இல் அறிவித்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை. இருந்த மருந்தை உடனே கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பெரியம்மாவுக்கு ஸ்கேன், ஈசிஜி, கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் எல்லாம் எடுத்தார்கள். கழுத்துக் குழாய் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் ஆபரேஷன் வரை போகலாம்; இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் மருந்தே வேறு. அவருக்கு இரண்டும் இல்லை, பிரஷர்தான் எகிறியிருந்தது. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகே ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்து 21 நாளைக்கு எழுதினார்கள். வீட்டில் தாமாக ஆஸ்பிரின் கொடுக்காமல் இருந்தது நல்லதாயிற்று.

மருமகள் தினசரி காலண்டரில் 21-ஆம் நாள் தாளைத் தேடி எடுத்து, “இன்னையோட ஒண்ண நிறுத்தணும், எதுன்னு டாக்டரக் கேக்கணும்” என்று சிவப்பு மையில் எழுதினாள். இரண்டையும் மாதக்கணக்கில் சேர்த்து விழுங்கினால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். பல வீடுகளில் பழைய சீட்டைக் காட்டியே மறுபடி வாங்கிவிடுகிறார்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது பயம். பெரியம்மா பல வாரம் குளியலறைக் கதவைத் தாழிடாமலே குளித்தார். அரைமணி வேலைக்கே அசந்துபோய்ப் படுத்தார். டி.ஐ.ஏ.வுக்குப் பின் இந்த அசதியும் மனச்சோர்வும் பலருக்கு வருவதுதான். அடுத்த செக்கப்பில் பிரஷர் குறித்து வைத்த நோட்டோடு இதையும் சொன்னபோதுதான் டாக்டர் அதற்கும் ஆலோசனை தந்தார்.

பிரஷருக்காக இப்போது ஊறுகாய், கருவாடு குறைந்திருக்கிறது. பல் பிடுங்கப் போனபோது, மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், மூளை நரம்பியல் டாக்டரைக் கேட்டுக்கொண்டே போனார்.