திருடனிடம் திருடலாமா?

குற்றாலத்தில் சாரல் விழுந்த ஒரு ஞாயிறு. தென்காசியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் கம்ப்யூட்டர் முன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, கவுன்டர் ஸ்ட்ரைக் கேம்ல ஒருத்தன் என்னை ஏமாத்தப் பார்க்கான். நான் நம்பணும்னு முதல்ல ஒரு துப்பாக்கி ஸ்கின் அனுப்புறானாம். அதை வாங்கிட்டு நான் ஓடப் போறேன்!"

"அது யாருடைய துப்பாக்கி?" என்றேன். விழித்தான்.

இந்த ஸ்கின்கள் நிஜப் பணத்துக்கு விலைபோகின்றன. மோசடிக்காரர்கள் பல நேரங்களில் பிறரிடம் பறித்த கணக்கில் வருவார்கள். மாதம் சுமார் 77,000 ஸ்டீம் கணக்குகள் பறிபோவதாக, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே 2015-ல் கூறியது. ஆகவே நாம் சுருட்டுவது, பாஸ்வேர்டைப் பறிகொடுத்த வேறொரு பையனின் பொருளாக இருக்கலாம். திருடனுக்கு அதில் நஷ்டமே இல்லை.

இப்படி யாராவது வந்தால்:

1. பேச்சை நிறுத்தி, உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.
2. அவர் தரும் லிங்க்கை க்ளிக் செய்யாதீர்கள்.
3. அவரது புரொஃபைல் பக்கத்தில் ரிப்போர்ட் செய்யுங்கள்.
4. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

ரிப்போர்ட் செய்தால், கணக்கு உரியவரிடமே திரும்பவும் வழி பிறக்கலாம். மருமகன் துப்பாக்கியை வாங்கவில்லை, ரிப்போர்ட்டை அழுத்தினான். பிறகு இருவரும் அருவிக்குக் கிளம்பினோம்.