ஐந்து பவுண்டும் ஒரு ஜெட் இன்ஜினும்

அன்புள்ள மருமகனுக்கு,

விமானம் ஓட்டப் போவதா, இன்ஜினியரிங் படிப்பதா என்று கேட்டிருக்கிறாய். உயரம் போதாது என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி செய்வதையும் கடைசி வரியில் ஒளித்து எழுதியிருக்கிறாய். ஜெட் இன்ஜினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிராங்க் விட்டிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும்.

1907இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பிறந்தவர். அப்பா மெக்கானிக், சிறு பட்டறை வைத்திருந்தார். லேத் வேலை பையனுக்கு அங்கேதான் பழக்கமாயிற்று. பதினைந்து வயதில் விமானப்படையில் பயிற்சி மாணவனாகச் சேரப் போனான். ஐந்தடி உயரம்தான் இருக்கிறாய் என்று திருப்பி அனுப்பினார்கள். உடற்பயிற்சி செய்து ஆறு மாதத்தில் மூன்று அங்குலம் வளர்ந்து மறுபடியும் போனான். அப்போதும் இல்லை என்றார்கள். விடாமல் இன்னொரு முறை விண்ணப்பித்து, 1923 செப்டம்பரில் கிரான்வெல் விமானப்படைத் தளத்தில் சேர்ந்தான். மூன்று வருடம் விமானம் பழுதுபார்க்கப் படித்த பிறகே அதிகாரிப் பயிற்சியும் விமானி ஆகும் வாய்ப்பும் கிடைத்தன.

1928இல், இருபத்தோரு வயதில், பயிற்சிக் கல்லூரிக்காக ஒரு கட்டுரை எழுதினார். வேகமாகப் பறக்க வேண்டுமானால் காற்று மெலிந்திருக்கும் உயரத்துக்குப் போக வேண்டும். ஆனால் அந்த மெல்லிய காற்றில் பிஸ்டன் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். ப்ரொப்பெல்லருக்கும் பிடி கிடைக்காது. அப்படியானால் விமானத்தை எது தள்ளும்? வானத்தில் இருந்தவனுக்கு எழுந்த கேள்வி இது. விடை தேடியதோ பட்டறையில் பழகிய கை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

1929இல் விடை கிடைத்தது. காற்றை உள்ளே இழுத்து, கம்ப்ரசரால் அமுக்கி, எரிபொருள் கலந்து எரிக்க வேண்டும். சூடான வாயு போகிற வழியில் ஒரு டர்பைனைச் சுழற்றும். அந்த டர்பைனே கம்ப்ரசரை ஓட்டும். மீதி வாயு பின்னால் பீய்ச்சி அடிக்க, விமானம் முன்னால் போகும். 1930 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகம் ஏது என்று கேட்டு விமான அமைச்சகம் அந்த யோசனையை ஒதுக்கிவிட்டது. 1935இல் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியது வெறும் ஐந்து பவுண்டு. குடும்பஸ்தரான விட்டிலிடம் அது இல்லை. அரசாங்கமும் கட்ட மறுத்தது. உரிமை காலாவதியானது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த நேரத்தில் அவர் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார். விமானப்படையே அனுப்பியிருந்தது. முதல் வகுப்பில் தேறினார். பழைய நண்பர்கள் இருவர் முன்வந்து பணம் திரட்ட, 1936இல் பவர் ஜெட்ஸ் என்ற சிறிய நிறுவனம் பிறந்தது.

1937 ஏப்ரல் 12, ரக்பி நகரத் தொழிற்சாலை. இன்ஜின் முதன்முறையாக ஓடியது. திடீரென்று கட்டுமீறி வேகமெடுத்து அலறியது. எரிபொருள் வால்வை மூடியும் நிற்கவில்லை. கசிந்து உள்ளே தேங்கிய எரிபொருள் எரிந்துகொண்டே இருந்தது. சுற்றி நின்றவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். விட்டில் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். அது வீரம் இல்லை, பயத்தில் கால் நகரவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1941 மே 15 மாலை, அதே கிரான்வெல்லில், அவருடைய இன்ஜின் பொருத்திய குளோஸ்டர் விமானத்தைச் சோதனை விமானி ஜெரி சேயர் 17 நிமிடம் ஓட்டினார். ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபான் ஒஹைன் என்பவரின் இன்ஜின் பொருத்திய ஜெட் விமானம் 1939 ஆகஸ்டிலேயே பறந்துவிட்டது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். முதுமையில் அவரும் விட்டிலும் நண்பர்களானார்கள்; 1991இல் பொறியியலுக்கான டிரேப்பர் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்த வருடங்களின் உழைப்பு விட்டிலின் உடம்பையும் மனதையும் உடைத்தது. 1944இல் அரசு அவர் நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. 1948இல் உடல்நலக் குறைவால் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றார். சர் பட்டமும் ஒரு லட்சம் பவுண்டும் அந்த வருடம்தான் வந்தன. 1996இல் அமெரிக்காவில் காலமானார். அஸ்தியைக் கிரான்வெல் தேவாலயத்தில் வைத்திருக்கிறார்கள்.

வரும் விடுமுறைக்கு இங்கே வா. நம் தெருமுனை லேத் பட்டறையில் பேசி வைத்திருக்கிறேன். முதலில் இரும்பைத் தொட்டுப் பார். பறப்பதா படிப்பதா என்பதை அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
மாமா