பனியில் எழுதப்பட்ட பாடம்



வெப்ப நாட்டிற் பிறந்த எமக்குக் கனடாவின் குளிர்காலம் உயிர்களெல்லாம் ஒடுங்கிய காலமாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் இயற்கையைக் கற்பதற்கு இது மிக நல்ல பருவமாகும். இலைகள் உதிர்ந்தமையால் கிளையிலுள்ள பறவை மறைவின்றித் தெரிகின்றது. நிலத்திற் படிந்த பனியோ, இரவில் நடமாடிய விலங்குகளின் அடிச்சுவடுகளைக் காலையில் எமக்குக் காட்டுகின்றது.

ரொறன்ரோ நகரப் பூங்காக்களில் முயலும் அணிலும் தாவிச் சென்ற தடங்களைக் காணலாம். தாவும்போது இவற்றின் பின்னங்கால்கள் முன்னங்கால்களைக் கடந்து முன்னே ஊன்றுகின்றன. ஆகவே பெரிய தடங்கள் உள்ள பக்கமே விலங்கு சென்ற திசையாகும். சிறிய முன்னங்கால் தடங்கள் அருகருகே இருப்பின் அது பெரும்பாலும் அணில். ஒன்றன்பின் ஒன்றாக இருப்பின் முயல்.

கருந்தொப்பி அணிந்தாற் போன்ற தலையுடைய சிக்கடீ என்னும் சிறு குருவியையும் நோக்குங்கள். அதன் நிறை ஏறத்தாழ 11 கிராம். அது இலையுதிர் காலத்தில் விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் ஒளித்து வைத்து, பின்னர் அவ்விடங்களை நினைவிற்கொண்டு எடுத்து உண்கின்றது. கடுங்குளிர் இரவுகளில் தன் உடல் வெப்பநிலையைக் குறைத்துச் சக்தியைச் சேமிக்கின்றது. எதிரியைக் கண்டால் "சிக்-அ-டீ-டீ" என ஒலிக்கும். ஆபத்து மிகுந்தோறும் "டீ" ஒலிகளின் எண்ணிக்கையும் மிகும் என 2005 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

இத்தகைய அறிவு ஆய்வுகூடங்களில் மட்டும் பிறப்பதன்று. வட அமெரிக்காவில் முன்னர் நத்தார்க் காலத்தில் அணிகளாகப் பிரிந்து பறவைகளையும் விலங்குகளையும் சுட்டுக் குவிக்கும் போட்டி வழக்கிலிருந்தது. சுடுவதை விடுத்து எண்ணுவோம் என பிராங்க் சாப்மன் என்னும் பறவையியலாளர் அழைத்தார். 1900 டிசம்பர் 25 அன்று 27 பேர் 25 இடங்களிற் பறவைகளை எண்ணினர். அவ்விடங்களுள் ரொறன்ரோவும் ஒன்று. துப்பாக்கியை வைத்துவிட்டுக் குறிப்பேட்டை எடுத்த அந்நற்பணி, இன்றும் ஆண்டுதோறும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை பொதுமக்களால் நடத்தப்படுகின்றது. பறவைகள் பல முன்னையிலும் வடக்கே குளிர்காலத்தைக் கழிப்பதை இக்கணக்கெடுப்பே உணர்த்திற்று.

ஊரில் செண்பகத்தையும் மைனாவையும் பெரியோர் காட்டித் தந்தமையால் நாம் பெயர் சொல்லி அறிந்தோம். இந்நாட்டு உயிர்களை எம் பிள்ளைகளுக்கு யார் காட்டுவர்? பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து கற்க வேண்டிய பாடம் இது. தன்னைச் சூழ வாழும் உயிர்களின் பெயரும் அறியாதவனுக்கு எந்நாடும் அந்நிய நாடே.

ஆதலின் வாரத்தில் அரை மணி நேரமேனும் பிள்ளைகளுடன் வெளியே செல்வோம். மாணவர்களே! திகதி, நேரம், இடம், வெப்பநிலை, கண்ட உயிர், அது செய்த செயல் ஆகிய ஆறையும் குறிப்பேட்டில் தமிழில் எழுதுங்கள். பெயர் தெரியாவிடின் நிறத்தையும் அளவையும் எழுதுங்கள். பெயரைப் பின்னர் நாம் சேர்ந்து தேடுவோம்.